ஸ்பைக்ஸ் வாங்கும் முன் காலைக் கேளுங்கள்!

பள்ளிக்கூடங்களில் வட்டார அளவிலான விளையாட்டுப் போட்டிகள் ஆரம்பித்துவிட்டால் போதும், என் வைத்தியசாலைக்கு ஒரு புதுக் கூட்டம் வந்து சேரும். மூட்டுவலித் தாத்தாக்களுக்கும் சளிப் பிடித்த குழந்தைகளுக்கும் நடுவே, டிராக் சூட் போட்ட பிள்ளைகள் நொண்டி நொண்டி வந்து உட்காருவார்கள். "கெண்டைக்கால் கல்லு மாதிரி இறுகிப் போச்சு சார்" என்பான் ஒருவன். "குதிகாலை ஊன முடியலை" என்பாள் இன்னொருத்தி. காலைப் பிடித்துப் பார்த்துக்கொண்டே, "புதுசா ஸ்பைக்ஸ் வாங்கினியா?" என்று கேட்பேன். "அது எப்படி சார் உங்களுக்குத் தெரியும்?" என்று கண்களை அகல விரிப்பார்கள்.

இதில் ஜோசியம் ஒன்றும் இல்லை. காலே சொல்லிவிடுகிறது!

ஓடுகிற பிள்ளையைப் பெற்றவர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "ஸ்பைக்ஸ் வாங்கிக் கொடுக்கலாமா, கூடாதா?" சித்த வைத்தியர்தானே, 'தூக்கி எறியுங்கள், நம் முன்னோர் வெறுங்காலில்தானே ஓடினார்கள்' என்று சொல்வார் எனச் சிலர் எதிர்பார்ப்பதும் உண்டு. அப்படி நான் சொல்ல மாட்டேன். ஸ்பைக்ஸ் கெட்டது அல்ல. ஆனால் அது பந்தயத்துக்கு எடுக்கிற ஆயுதம், தினமும் மாட்டுகிற செருப்பு இல்லை. இந்த வித்தியாசம் தெரியாமல்தான் பல வீடுகளில் பிள்ளைகளின் கால்கள் கெட்டுப் போகின்றன.

ஆணி எதற்கு?

முதலில் அதன் நியாயத்தைப் பார்ப்போம். வேகமாக ஓடும்போது கால் தரையைப் பின்னுக்குத் தள்ளுகிறது. அந்த நேரத்தில் இம்மி வழுக்கினாலும் தள்ளின பலம் வீண். அதைத் தடுக்கத்தான் முன்பாதத்துக்கு அடியில் ஆணிகள். தரையைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். எடையும் குறைவு. வழக்கமான பயிற்சி ஷூ ஒன்று 250, 300 கிராம் இருந்தால், ஸ்பைக்ஸ் ஏறக்குறைய அதில் பாதிதான்.

1954-ஆம் வருடம் மே 6-ஆம் தேதி, இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டு நகரில் ரோஜர் பேனிஸ்டர் என்ற இளைஞர் ஒரு மைல் தூரத்தை 3 நிமிடம் 59.4 விநாடியில் ஓடினார். 4 நிமிடத்துக்குள் ஒரு மைல் ஓடிய முதல் மனிதர் அவர்தான். அப்போது அவர் மருத்துவ மாணவர். அன்று காலையில் ஆஸ்பத்திரி லேபரட்டரியில் இருந்த சாணைக்கல்லில் தன் ஷூவின் ஆணிகளைத் தானே கூர் தீட்டினார். கரித்தூள் பரப்பிய அந்தக் கால ஓடுதளத்தின் கசடு ஒட்டிக்கொண்டு கனம் கூடிவிடக் கூடாதே என்று கிராஃபைட் பொடியையும் தடவிக்கொண்டார். ஒரு டாக்டரே இப்படிப் பார்த்துப் பார்த்துச் செய்தார் என்றால், ஆணியில் விஷயம் இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

அந்தச் சின்ன வித்தியாசம் எவ்வளவு பெரிதாகும் என்பது நமக்கும் தெரியும். 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் நம் பி.டி. உஷா 55.42 விநாடியில் ஓடி, ஒரு விநாடியில் நூற்றில் ஒரு பங்கு வித்தியாசத்தில் வெண்கலத்தைத் தவறவிட்டார். அந்த நூற்றில் ஒரு பங்குக்காகத்தான் பிள்ளைகள் ஸ்பைக்ஸுக்கு ஆசைப்படுகிறார்கள். அந்த ஆசையை நான் குறை சொல்ல மாட்டேன்.

தரை மாறியது, கால் மாறவில்லை!

பேனிஸ்டர் ஓடிய தளம் காலை அப்படியே கட்டிப் போடாது. பாதம் விழும்போது கொஞ்சம் சறுக்கும், கொஞ்சம் புதையும். அந்தச் சறுக்கலே அதிர்ச்சியில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். நம் ஊர் செம்மண் மைதானமும் அப்படித்தான். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் சிந்தெடிக் தளம் வந்தது. அதன் பிறகு பெரிய போட்டிகள் எல்லாம் அதில்தான். ஆணி அதில் கவ்வினால் கவ்வினதுதான். பாதம் சட்டென்று நிற்கும், உடம்பு மட்டும் முன்னால் போகும். நடுவில் மாட்டிக்கொள்வது கணுக்கால், கீழ்க்கால் எலும்பு, முழங்கால்.

அதே 1968-ல் ஒரு வேடிக்கையும் நடந்தது. பூமா கம்பெனி, ஆறு ஆணிக்குப் பதிலாக ஊசி ஊசியாக 68 முட்கள் வைத்து, பிரஷ் மாதிரி ஒரு ஷூவைச் செய்தது. அதைப் போட்டு அமெரிக்காவின் ஜான் கார்லோஸ் 200 மீட்டரை 19.92 விநாடியில் ஓடினார். உலகத்திலேயே அதுதான் அதிக வேகம். ஆனால் விதியில் சொன்னதைவிட முள் அதிகம் என்று சாதனையை ஏற்கவில்லை! இன்றைய சர்வதேச விதிப்படி ஒரு ஷூவில் 11 ஆணிக்கு மேல் கூடாது. சிந்தெடிக் தளத்தில் ஆணியின் நீளம் 9 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. உயரம் தாண்டுதலுக்கும் ஈட்டி எறிதலுக்கும் மட்டும் 12 வரை அனுமதி.

காலுக்குள் என்ன நடக்கிறது?

ஒரு சின்னப் பரீட்சை. இந்தப் பக்கத்தை மூடாமலே எழுந்து, குதிகாலைத் தரையில் வைக்காமல் முன்பாதத்தில் மட்டும் சமையலறை வரை போய் வாருங்கள். எங்கே இழுக்கிறது? கெண்டைக்காலிலும், குதிகாலுக்கு மேலே இருக்கிற அந்தத் தடித்த நாணிலும்தானே?

ஸ்பைக்ஸ் செய்வதும் அதைத்தான். முன்பக்கம் விறைப்பான தட்டு, அதில் ஆணி. குதிகால் பக்கம் மெத்தை இல்லை, இருந்தாலும் பேருக்குத்தான். ஆகவே ஓடுகிறவன் முன்பாதத்தின் மேலேயே ஏறி ஓடுகிறான். ஓடும்போது அந்தக் குதிகால் நாணின் மேல் விழும் இழுவை உடல் எடையைப் போல ஆறு மடங்குக்கும் மேலே. 45 கிலோ பிள்ளையின் நாண் ஒவ்வொரு எட்டுக்கும் 270 கிலோ கனத்தைத் தாங்குகிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்!

சதை பலப்பட்ட வீரர் இதைத் தாங்குவார். வளர்கிற பிள்ளை? 8 வயதிலிருந்து 14 வயது வரை குதிகால் எலும்பின் பின்பக்கம் இன்னும் முழு எலும்பாகக் கூடியிருக்காது, அங்கே குருத்துதான் இருக்கும். கெண்டைக்கால் சதை ஓயாமல் இழுத்தால் அந்தக் குருத்து புண்பட்டு வலிக்கும். 'பையன் பள்ளிக்கூடத்துக்கு டிமிக்கி கொடுக்க நொண்டுறான்' என்று திட்டுகிறீர்களே, பல நேரம் அது டிமிக்கி இல்லை. இந்த வலிதான்.

நான் செய்த தப்பு

இனி சொல்லப் போவது எனக்குப் பெருமை தருகிற விஷயம் இல்லை. ஆனாலும் சொல்லியாக வேண்டும்.

சில வருடங்களுக்கு முன் ஒரு பத்தாம் வகுப்புப் பெண்ணை அவள் அப்பா அழைத்து வந்தார். 800 மீட்டர் ஓடுகிறவள். டிபன் கடை வைத்திருக்கும் அப்பா, ஆசை ஆசையாக ரெண்டாயிரத்துச் சொச்சம் கொடுத்து ஸ்பைக்ஸ் வாங்கித் தந்திருந்தார். காசு கொடுத்து வாங்கியாயிற்றே என்று தினமும் காலை, மாலை இரண்டு வேளையும் அதைப் போட்டே ஓடியிருக்கிறாள். முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் வலி. நான் பார்த்தேன், சதைப்பிடிப்பு என்று நினைத்தேன், வாதகேசரித் தைலம் தடவி நீவிவிட்டேன். 'ஓட்டத்தைக் கொஞ்சம் குறைச்சுக்கோம்மா' என்று மட்டும் சொன்னேன்.

ஒரு வாரம் தேவலை என்றாள். ரெண்டாம் வாரம் மறுபடி வலி. மூன்றாம் வாரம் அப்பா தயங்கித் தயங்கிச் சொன்னார்: "இத்தனை நாளா தைலம் போட்டும் குறையலையே டாக்டர்... ராத்திரி படுத்தாலும் வலிக்குதுங்கறா."

அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. "எங்கேம்மா வலி? காட்டு" என்றேன். அந்தப் பெண் ஒற்றை விரலை வைத்து, எலும்பில் ஒரே இடத்தைத் தொட்டுக் காட்டினாள். இந்தக் கேள்வியை முதல் நாளே நான் கேட்டிருக்க வேண்டும். எலும்பு டாக்டராக இருக்கிற என் நண்பரிடம் உடனே அனுப்பினேன். எக்ஸ்ரேயில் மயிரிழை போல எலும்பு விரிசல்!

அவர் இன்னொன்றும் கேட்டிருக்கிறார், நான் கேட்காதது: "மாதவிலக்கு ஒழுங்கா வருதாம்மா?" நாலு மாதமாக வரவில்லை. எடை கூடினால் வேகம் குறையும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தியிருக்கிறாள். ஓட்டத்துக்கே சக்தி போதவில்லை. பிறகு எலும்புக்கு எங்கிருந்து வரும்?

எட்டு வாரம் ஓட்டமே இல்லை. அந்த வருடத்துப் போட்டி போயிற்று. மறு வருடம் ஓடினாள், நன்றாகவே ஓடினாள். ஆனால் அந்த மூன்று வாரத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உறுத்தும். விரிசல் விட்ட எலும்பின் மேல் நான் நீவிக்கொண்டிருந்தேன்!

அந்தப் பெண்ணிடம் நான் கற்றதை உங்களுக்குச் சொல்கிறேன். வலிக்கிற இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். உள்ளங்கையால் நீளமாகத் தடவிக் காட்டினால் பெரும்பாலும் அது சதை சம்பந்தப்பட்டது. ஒரு விரல் நுனியால் ஒரே புள்ளியைத் தொட்டுக் காட்டினாலோ, ஓடாமல் சும்மா இருக்கும்போதும் ராத்திரியிலும் வலித்தாலோ, ஒற்றைக்காலில் குதித்தால் அந்த இடத்தில் சுரீர் என்றாலோ எலும்பைச் சந்தேகியுங்கள். தைலம் வேண்டாம், நீவுதல் வேண்டாம். ஓட்டத்தை அன்றே நிறுத்திவிட்டு எலும்பு டாக்டரிடம் போங்கள். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் விரிசல் தெரியாமலும் போகலாம். 'எக்ஸ்ரே சரியா இருக்கு' என்று மறுநாளே ஓட விடாதீர்கள். ஸ்கேன் எடுக்க வேண்டுமா என்று கேளுங்கள்.

அப்படியானால் வெறுங்காலா?

'இவ்வளவு தொல்லை எதற்கு, வெறுங்காலோடு ஓடட்டுமே' என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. உஷாவைப் போலவே ஜோலா பட் என்ற 18 வயதுப் பெண்ணும் அதே 1984 ஒலிம்பிக்கில் ஓடினார். தென்னாப்பிரிக்காவில் பிறந்து பிரிட்டனுக்காக ஓடியவர். 3000 மீட்டர் இறுதி ஓட்டத்தில் வெறுங்காலோடு ஓடினார். நெருக்கமாக ஓடும்போது அமெரிக்காவின் மேரி டெக்கருடைய ஸ்பைக்ஸ் பட்டின் காலில் குத்தி ரத்தம் வந்தது. கால் தடுக்கி டெக்கர் விழுந்தார். பந்தயமே அவருக்கு முடிந்துபோனது. பட் ஏழாவதாக வந்தார். சுற்றிலும் ஆணி ஓடும்போது நடுவே வெறுங்கால் என்பது ஆபத்துதான்.

நம் மைதானங்களில் கண்ணாடிச் சில்லு, நெருஞ்சி முள், மண்ணிலிருந்து பாதம் வழியே ஏறும் கொக்கிப்புழு என்று எல்லாம் உண்டு. வெயிலில் காய்ந்த சிந்தெடிக் தளமோ தோசைக்கல்! சுத்தமான புல்தரையில் பத்து நிமிடம் வெறுங்காலோடு மெதுவாக ஓடுவது பாதத்துச் சதைகளுக்கு நல்லது. அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

விளம்பரத்தைப் பார்த்து மயங்காதீர்கள்

இப்போது 'சூப்பர் ஸ்பைக்ஸ்' வந்திருக்கிறது. துள்ளுகிற நுரை, உள்ளே விறைப்பான தட்டு. 2021 டோக்கியோ ஒலிம்பிக் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் நார்வேயின் கார்ஸ்டன் வார்ஹோம் 45.94 விநாடியில் ஓடி உலகத்தை வாய் பிளக்க வைத்தார். அடுத்து வந்தவரும் பழைய உலக சாதனையைவிட வேகம்! அப்போது ஷூவைப் பற்றிப் பெரிய சர்ச்சையே நடந்தது. 2024 நவம்பர் 1 முதல் டிராக் ஓட்டங்களில் ஷூவின் அடிப்பாகம் 20 மில்லிமீட்டருக்கு மேல் தடிமனாக இருக்கக் கூடாது என்று விதி வந்துவிட்டது.

கார்பன் தட்டு வைத்த ஷூ போட்டு ஓடியவர்களில் ஐந்து பேருக்குப் பாதத்து நடுவில் இருக்கும் படகெலும்பில் காயம் கண்டதாக 2023-ல் மருத்துவர்கள் எழுதினார்கள். ஷூதான் குற்றவாளி என்று அவர்கள் தீர்ப்புச் சொல்லவில்லை. 'திடீரென்று மாறாதீர்கள், படிப்படியாகப் பழகுங்கள்' என்றுதான் சொன்னார்கள். நானும் அதையேதான் சொல்கிறேன். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு அந்த ஷூ அவசியமே இல்லை. அந்தக் காசில் ஒரு வருடத்துக்குப் பாலும் முட்டையும் வாங்கலாம்!

வாங்கத்தான் போகிறீர்களா?

சரி, இதைக் கவனியுங்கள்:

* 12, 13 வயதுக்குள் வேண்டாம். அந்த வயதில் நல்ல பயிற்சி ஷூவே போதும்.

* எந்த ஓட்டம் என்று சொல்லி வாங்குங்கள். 100 மீட்டர் ஸ்பைக்ஸ் பலகை மாதிரி விறைப்பாக இருக்கும். அதைப் போட்டு 1500 மீட்டர் ஓடினால் கெண்டைக்கால் கதறும். தூர ஓட்டத்துக்குக் குதிகாலில் கொஞ்சமாவது மெத்தை வைத்தது தனியாகக் கிடைக்கிறது.

* சாயங்காலம் போய் வாங்குங்கள். அப்போதுதான் பாதம் கொஞ்சம் உப்பியிருக்கும். பிடிப்பாக இருக்கலாம், விரல் மடங்கக் கூடாது. 'வளர்ற பிள்ளை' என்று ஒரு சைஸ் பெரிதாக வாங்குவது பள்ளிச் சீருடைக்குச் சரி, ஸ்பைக்ஸுக்குச் சரியில்லை!

* முதல் வாரம் உடம்பைச் சூடாக்கிக்கொண்ட பிறகு, நேர்கோட்டில் 60 மீட்டர் நாலு தடவை. அவ்வளவுதான். பிறகு வாரத்தில் இரண்டு நாள், வேகப் பயிற்சிக்கு மட்டும். மற்ற நாளெல்லாம் பயிற்சி ஷூ.

* சிமெண்ட், தார் ரோடு பக்கமே போகக் கூடாது. ஓட்டம் முடிந்ததும் கழற்றிவிட்டுச் செருப்புக்கு மாறுங்கள்.

* ஸ்பைக்ஸ் போடுவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே கெண்டைக்காலைத் தயார் பண்ணுங்கள். படி விளிம்பில் முன்பாதத்தை வைத்து, குதிகாலைத் தூக்கி மெதுவாக இறக்குங்கள். 15 தடவை வீதம் மூன்று முறை, ஒரு நாள் விட்டு ஒரு நாள்.

* ஆணி குத்திவிட்டால் மஞ்சள் பொடியை அப்பிக் கட்டாதீர்கள். ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவி, அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். டி.டி. ஊசி தேவையா என்று அவர் பார்த்துச் சொல்வார்.

எங்கள் வைத்தியத்தின் இடம் எது?

எலும்பில் பழுதில்லை, வெறும் சதைக் களைப்புதான் என்று தெரிந்த பிறகு எங்கள் வைத்தியத்துக்கு நல்ல வேலை உண்டு. ஓடின களைப்புக்கு நொச்சி இலையை வதக்கித் துணியில் கட்டி ஒற்றடம் கொடுக்கலாம். வெதுவெதுப்பான நல்லெண்ணெயை இதமாகத் தடவலாம். பலத்தைக் காட்டி அழுத்தக் கூடாது. கணுக்கால் பிசகி வீங்கியிருந்தால் முதல் இரண்டு நாள் சூடும் வேண்டாம், தேய்க்கவும் வேண்டாம்.

அதைவிட முக்கியம் சாப்பாடு. உளுந்தங்களி, கேழ்வரகு அடை, எள்ளுருண்டை, முருங்கைக்கீரை, பிரண்டைத் துவையல்... எல்லாம் நம் வீட்டுச் சரக்குதான். ஓடுகிற பிள்ளை, அதுவும் பெண் பிள்ளை, பட்டினி கிடக்கவே கூடாது. மாதவிலக்கு தொடர்ந்து தள்ளிப் போனால் 'ஓடுறவளுக்கு அப்படித்தான்' என்று அம்மாக்கள் விட்டுவிடாதீர்கள். எலும்பு பலவீனமாகிறது என்பதற்கு அது முன்கூட்டியே அடிக்கிற மணி.

பி.டி. சார்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒரே ஜோடி ஸ்பைக்ஸை நாலு பிள்ளைகள் மாற்றி மாற்றிப் போட்டு ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். பெரிதாக இருந்தால் முன்னால் துணி அடைக்கிறார்கள், சின்னதாக இருந்தால் விரலை மடக்குகிறார்கள். உங்கள் கஷ்டம் புரிகிறது, பள்ளிக்கூடத்தில் பணம் இல்லை. பழைய மாணவர்களைக் கேட்டு, நாலைந்து சைஸில் வாங்கி வையுங்கள். அதுவரை அளவு பொருந்தாத பிள்ளை கேன்வாஸ் ஷூவில் ஓடட்டும். ஒரு மெடல் போனால் அடுத்த வருடம் வாங்கிக்கொள்ளலாம்.

இன்றைக்குச் சாயங்காலம் பிள்ளை மைதானத்திலிருந்து வந்ததும், 'எத்தனாவதா வந்தே?' என்று கேட்பதற்கு முன்னால், 'கால் எங்கேயாவது வலிக்குதா? விரலை வெச்சுக் காட்டு' என்று கேளுங்கள். நான் மூன்று வாரம் தாமதமாகக் கேட்ட கேள்வி அது. நீங்கள் முதல் நாளே கேட்டுவிடுங்கள்!